ஆண்டுக்கு எத்தனை பருவம்? "ரெண்டு மிஸ்: முதல் சீசன், இரண்டாம் சீசன்"

சாக்பீஸ்தூள் (கோத்தகிரி) · ஞாயிறு மாலை 6:10

வணக்கம். ஒரே ஒரு விடைத்தாளோட மூணு நாளா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். அதான் இங்க வந்தேன்.

ஆறாம் வகுப்பு, தமிழ், வகுப்புத் தேர்வு. ரெண்டு மார்க் கேள்வி: "ஓர் ஆண்டில் வரும் பருவங்கள் யாவை?" நான் எதிர்பார்த்தது கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ராகம் போட்டுப் பாடவே வெச்சிருக்கேன். ஒரு பையன் எழுதியிருக்கிறதை அப்படியே தர்றேன்:

"ஒரு ஆண்டில் இரண்டு பருவங்கள் வரும். 1. முதல் சீசன் 2. இரண்டாம் சீசன். மற்ற நாள் ஆஃப் சீசன்."

அவங்க அப்பா டாக்ஸி ஓட்டுறார். சிவப்புப் பேனாவை எடுத்து முட்டை போடப் போனேன், கை நின்னுடுச்சு. தப்புன்னு தெரியுது. ஆனா ஏன் தப்புன்னு அவன்கிட்டச் சொல்ல எனக்கே வாய் வரலை. சீசன்னா பருவமா, காலமா, கூட்டமா? இங்கிலீஷ்லயே அதுக்கு முதல்ல என்ன அர்த்தம்? மார்க் போடலாமா வேண்டாமான்னும் சேர்த்துச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.

---

சொல்லேர் (திண்டுக்கல்) · ஞாயிறு மாலை 6:42

இதில் குழம்ப என்ன இருக்கிறது, அம்மா? சீசன் என்றால் பருவம். பருவமழை, பருவநிலை என்று நாள்தோறும் எழுதுகிறோம். ரயில் சீசன் டிக்கெட்டைக்கூடப் பருவச்சீட்டு என்றுதான் எழுதுகிறோம். மாணவன் ஆங்கிலச் சொல்லை எழுதியது முதல் பிழை, ஆறை இரண்டாக்கியது இரண்டாவது பிழை. மதிப்பெண் சுழியம்.

---

ஹேர்பின்14 (ஊட்டி) · ஞாயிறு இரவு 9:55

இப்பத்தான் வண்டியை நிறுத்திட்டு வந்தேன். பையன் பக்கம் நான் பேசறேன், தொழில் பாசம்.

சொல்லேர் ஐயா, பருவச்சீட்டுல எந்தப் பருவம் இருக்குதுங்க? மாசாமாசம் காசு கட்டிட்டு மேட்டுப்பாளையத்துல இருந்து கோயமுத்தூருக்கு வேலைக்குப் போறான். அதுல கார் எங்க, கூதிர் எங்க? அப்புறம், டாக்ஸி ஸ்டாண்டுல போய் "பருவம் எப்படி இருக்கு"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு மாதிரி பாப்பாங்க.

எங்களுக்குச் சீசன்னா வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. சீசன்னா ஆளு. சித்திரைக் கனி பாத்த கையோட ஆரம்பிச்சா ஜூன்ல ஸ்கூல் தொறக்கற வரைக்கும் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர்ல, ஆயுத பூஜை லீவை ஒட்டி ரெண்டாவது சீசன். மலர்க் காட்சி நாள்ல குன்னூர் வழியா மேல ஏத்தி, கோத்தகிரி வழியா கீழ இறக்கி விடுவாங்க. பர்லியார்ல முதல் கியர்ல மாட்டினா லவ்டேல் தாண்டற வரைக்கும் கிளட்ச்ல இருந்து காலை எடுக்க முடியாது. அது சீசன். ஜூலையில ஸ்டாண்டுல இருபது வண்டி நிக்கும். தொடைச்ச கண்ணாடியவே திருப்பித் தொடைப்போம். மூணு மணிக்கே விளக்குப் போட்டுட்டு ஒருத்தன் மட்டும் வருவான், அவனும் வழி கேக்கறவனா இருப்பான். அது ஆஃப் சீசன்.

இதுல வேடிக்கை என்னன்னா, எங்க சீசனை முடிவு பண்றது எங்க வானமே இல்ல. கீழ கோயமுத்தூர்ல, திருச்சியில வெயில் எவ்வளவு கொளுத்துது, ஸ்கூல் எப்ப லீவு விடறாங்க, இந்த ரெண்டுதான். 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல்ல அதுக்கு அளவும் வெச்சாங்க: நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எங்க டிஎன் 43 வண்டிக்குப் பாஸ் வேண்டாம். ஏறுற ஆளு குறைஞ்சா எங்க வண்டிக்குப் பாஸ் இல்லாம இருந்து என்ன பிரயோஜனம், அது வேற கதை.

பையன் எழுதினது நூத்துக்கு நூறு சரி டீச்சர். ரெண்டு மார்க்கும் போடுங்க.

---

வேர்தேடி (குன்னூர்) · ஞாயிறு இரவு 11:20

கேள்வியில் "முதல்ல என்ன அர்த்தம்" என்று ஒரு பகுதி இருந்தது. அதை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

லத்தீனில் 'செரெரே' என்றால் விதைப்பது. அதிலிருந்து 'சாட்டியோ', விதைப்பு. அது பழைய பிரெஞ்சில் 'செசோன்' ஆகி, விதைக்க ஏற்ற நேரம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, சீசன் பிறந்தது வெயிலிலும் இல்லை, லாட்ஜிலும் இல்லை. உழுத மண்ணில்.

அதனால் சொல்லேர் அவர்களே, நேர்த் தமிழ் வேண்டும் என்றால் 'பருவம்' இல்லை. 'பட்டம்'. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோமே, அந்தப் பட்டம். லத்தீன்காரன் நம் தாத்தாவிடம் வந்து சாட்டியோ என்று சொல்லியிருந்தால், "பட்டத்தைச் சொல்றியா" என்று கேட்டிருப்பார்.

சீசன் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் என்ன சொன்னார்கள்? 'டைட்' என்ற சொல் இருந்தது. இன்று கடல் ஏற்றவற்றத்துக்குச் சொல்கிறோம், அன்று அதற்குப் பொழுது, காலம் என்றே பொருள். இலையுதிர் காலத்துக்கு 'ஹார்வெஸ்ட்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அறுவடைதான் அந்தக் காலத்தின் பெயர். நாம் கார் என்று மழைக்காலத்தையும் சொல்லி நெல்லையும் சொல்வது போல.

இன்னொன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. மான்சூன் என்கிறோமே, அதுவும் அரபியில் சீசன்தான். 'மவ்சிம்' என்றால் குறித்த காலம். கப்பல் ஓட்டுவதற்குக் காற்று சாதகமாக வீசும் காலம். அதைப் போர்த்துகீசியர்கள் வாங்கி, ஆங்கிலேயர்களிடம் கொடுத்தார்கள். இந்தியில் மௌசம் என்பதும் அதுவே. எனவே தொலைக்காட்சியில் "மான்சூன் சீசன்" என்று சொல்லும்போதெல்லாம் "கேட்டு வாசல்" என்பது போலத்தான்.

---

கடைபோகம் (கேத்தி பக்கம்) · திங்கள் அதிகாலை 4:05

விதைப்பா? அப்ப அது எங்க வார்த்தைங்க. டாக்ஸிக்காரங்க எப்பத் தூக்கிட்டுப் போனாங்க?

எங்களுக்கு வருசத்துக்கு மூணு. நீர்போகம், கார்போகம், கடைபோகம். தண்ணி கட்டி வளக்கறது நீர்போகம். மழையை நம்பிப் போடறது கார்போகம். கடைசியாப் போடறது கடைபோகம், என் பேரைப் பாத்தாலே தெரியும் எதுல நான் சம்பாதிச்சேன், எதுல விட்டேன்னு. உருளை, கேரட், பீட்ரூட், பூண்டு, எல்லாம் இந்தக் கணக்குத்தான். எங்க அம்மா வாயில சீசன்ங்கிற வார்த்தை வந்ததே இல்ல. "போகம் எப்படி"ன்னுதான் கேக்கும்.

நேரத்தைப் பாத்தீங்களா? கேரட் பிடுங்கிட்டு இருக்கோம். தலையில டார்ச்சைக் கட்டிக்கிட்டு ராத்திரியே இறங்கினாத்தான் விடியறதுக்குள்ள கழுவி, மூட்டை புடிச்சு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப முடியும். காட்டுமாடு வந்து நின்னா பேசாம நிக்கணும். மே மாசம் இதையெல்லாம் தாண்டி லாரி ஏத்தி விட்டா, அண்ணன் சொன்ன அதே ரோட்டுல போட்டோ எடுக்க நிறுத்தின கார் பின்னாடி லாரி நிக்கும். ஏலம் முடிஞ்சு போய்ச் சேர்ந்த கேரட்டுக்கு மண்டியில என்ன விலை சொல்வாங்கன்னு கேக்காதீங்க. உங்க சீசன்ல எங்க சீசன் மாட்டிக்குது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மூட்டை தைக்கணும், வர்றேன்.

---

ஹேர்பின்14 · திங்கள் காலை 7:30

அண்ணா, அந்த கார்ல ஒண்ணு என்னோடதா இருந்திருக்கலாம். மன்னிச்சுக்குங்க. இறங்க வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க, "ஒரே ஒரு செல்ஃபி அண்ணா"ம்பாங்க.

---

சாரல் (கொடைக்கானல், சொந்த ஊர் தென்காசி) · திங்கள் காலை 10:15

நான் இங்க ஒரு ஓட்டல்ல மாஸ்டர். எங்க ஊர்ல சீசன்னா மழை. சுத்தமா மழை மட்டும்தான். ஜூன்ல சாரல் விழுந்து, ஐந்தருவியில தண்ணி கொட்ட ஆரம்பிச்சா "குற்றாலத்துல சீசன் தொடங்கியாச்சு"ம்போம். அதே ஜூன்ல, அதே தென்மேற்குப் பருவமழை ஊட்டியில விழுந்தா ஹேர்பின் அண்ணன் ஆஃப் சீசன்ங்கிறார். ஒரே மேகம். நாங்க அதுக்குச் சோப்பும் துண்டும் எடுத்துட்டு ஓடுவோம், இவங்க வண்டிக்குத் தார்ப்பாய் போடுவாங்க.

சென்னையில கேட்டா மார்கழிக் கச்சேரிதான் சீசன். அந்த மாசம் ஊட்டியில புல்லு மேல உறைபனி. இந்தப் பையனை இன்னும் நாலு ஊருக்குக் கூட்டிட்டுப் போனா விடைத்தாள் பத்தாது டீச்சர்.

---

வீக்கெண்ட்வாசி (சென்னை) · திங்கள் காலை 11:02

ஃபிரெண்ட்ஸ், சூப்பர் இழை. மே இரண்டாவது வாரம் நாலு பேருக்கு ஊட்டியில் நல்ல ரூம் சீப்பா கிடைக்குமா?

---

மட்டுறுத்துநர் · திங்கள் காலை 11:09

மே இரண்டாவது வாரம், நல்ல, சீப்பா. மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டு பயண இழையில் கேளுங்கள்.

---

மேல்பவானி (மஞ்சூர்) · திங்கள் மாலை 5:48

ஆறு பருவம் சரிதான், ஆனா அதை எந்த ஊர்ல உக்காந்து எண்ணினாங்கன்னு கேக்கணும் இல்லையா? பாடத்துல ஆனி, ஆடி ரெண்டும் முதுவேனில். கடும் வெயில் காலம். எங்க பக்கம் ஆடியில வெயிலா! 2019 ஆகஸ்ட் 8, ஆடி 23. அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. ரோடு எங்க, ஓடை எங்கன்னு தெரியல. அடுப்பங்கரைச் செவுத்துல ஒரு வாரத்துக்குத் தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, துணி ஒண்ணும் காயல, சாம்பிராணிச் சட்டியில கரி போட்டு யூனிஃபார்மைக் காய வெச்சோம். அன்னிக்கு ஒரு பிள்ளை எந்திரிச்சு "மிஸ், இது முதுவேனில்"னு சொல்லியிருந்தா நீங்க மார்க் போட்டிருப்பீங்களா?

---

சொல்லேர் · திங்கள் இரவு 8:30

வேர்தேடி அவர்களின் 'பட்டம்' எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். பருவச்சீட்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் மேல்பவானி சொல்வதை அப்படியே விட மனமில்லை. மலையைப் பாராமல் எண்ணவில்லை நம் முன்னோர். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு என்று தனியாகக் கூதிரையும் முன்பனியையும் கொடுக்கிறது. ஐப்பசி முதல் தை வரை. வேனிலை அது மலைக்குக் கொடுக்கவே இல்லை, பாலைக்கும் நடுப்பகலுக்கும் கொடுத்துவிட்டது. குளிரும் நள்ளிரவும்தான் மலை. நிலத்துக்கு நிலம் பொழுது மாறும் என்பதை முதலில் எழுதி வைத்தவர்களே அவர்கள்தாம். ஆறையும் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒப்பிக்க வைத்தது நாம்.

கோடை என்ற சொல்லையும் பாருங்கள். இன்று கோடை என்றால் வெயில். சங்கப் பாடல்களில் கோடை என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்றும்கூட. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல். புறநானூற்றில் கோடைமலைக்குத் தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் வருகிறான். மே மாதம் கோடைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவனுக்கு, தான் வெயிலுக்குப் போகிறானா, காற்றுக்குப் போகிறானா, மலைக்குப் போகிறானா என்று தெரியாது.

மதிப்பெண் பற்றி: அரை.

---

உளிச்சத்தம் (குன்னூர்) · திங்கள் இரவு 9:12

எல்லாரும் மேகத்தையே பாக்கறீங்க. கொஞ்சம் கீழ என் பட்டறையைப் பாருங்க. நாங்க தினம் பத்து தடவை சீசன்னு சொல்றோம். "மரம் சீசன் ஆயிடுச்சா?"

பச்சை மரத்துல கதவு போட்டா என்ன ஆகும்னு குன்னூர்ல வீடு கட்டினவங்களைக் கேளுங்க. ஜூன்ல ஊதி நிலையில மாட்டிக்கும், மார்ச்ல சுருங்கி விரல் போற சந்து விடும். அதுலயும் கற்பூர மரம், கீழ்நாட்டுல தைலமரம்பாங்க, அது பயங்கரச் சண்டைக்காரன். காயறப்பவே முறுக்கிக்கும், நுனியில இருந்து வெடிக்கும். அதனால பலகை அறுத்த உடனே நுனிக்குப் பெயிண்ட் அடிச்சு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு நடுவுல ரீப்பர் வெச்சு அடுக்கி, மேல தகரம் போட்டு, காத்து நாலு பக்கமும் போற மாதிரி விட்டுடணும். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருசம்னு எங்க மேஸ்திரி கணக்குச் சொல்வார். தட்டிப் பாத்தா சத்தம் மாறும். பச்சை மரம் தொப்புன்னு கேக்கும், காஞ்சது கணீர்னு கேக்கும். அப்பத்தான் இழைப்புளி வைப்பேன்.

இது எந்த சீசன்? விதைப்பா, டூரிஸ்ட்டா?

---

சாக்பீஸ்தூள் · திங்கள் இரவு 9:40

அய்யோ, நல்லவேளை இதைக் கேட்டீங்க. போன வாரம் ஒரு இரும்பு தோசைக்கல் வாங்கினேன். எப்படிப் பழக்கறதுன்னு யூட்யூப்ல தேடினா எல்லாரும் "கல்லை சீசன் பண்ணுங்க, சீசன் பண்ணுங்க"ங்கிறாங்க. முதல்ல ஏதோ மே மாசத்துலதான் பண்ணணும் போலன்னு நினைச்சுட்டேன். சிரிக்காதீங்க.

---

வேர்தேடி · திங்கள் இரவு 10:50

சிரிக்கவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே குடும்பம்தான்.

பிரெஞ்சில் செசோனிலிருந்து 'அசெசோனே' என்று ஒரு வினைச்சொல் கிளைத்தது. முதற்பொருள்: பழுக்க வைப்பது, உரிய காலம் வரை விடுவது. காலம் ஆனதும் காய் கனிகிறது, துவர்ப்புப் போய் ருசி வருகிறது. அங்கிருந்து ருசி வர வைப்பதெல்லாம் சீசனிங் ஆயிற்று, உப்பு, மிளகு, மசாலா. மரத்தைக் காய விட்டுப் பதத்துக்குக் கொண்டுவருவதும் அதே சொல்லுக்குள் வந்தது. பிறகு இரும்புக் கல்லுக்கு எண்ணெய் காட்டுவதும். பத்து வருடம் பழுத்த அரசியல்வாதியையும் 'சீசண்டு' என்பார்கள்.

நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். மரம் காயணும். கல்லைப் பழக்கணும். தோலைப் பதப்படுத்தணும். கறிக்கு மசாலா சேர்க்கணும். எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் 'பக்குவம்' இருக்கிறது. வடமொழியில் 'பக்வ' என்றால் பழுத்தது என்றும் பொருள், சமைத்தது என்றும் பொருள். குழம்பு பக்குவமா இருக்கு, பலாப்பழம் பக்குவமா இருக்கு, மனுஷன் பக்குவப்பட்டவன். பிரெஞ்சுக்காரன் போன அதே பாதைதான், ஒருவரை ஒருவர் பார்க்காமல் போயிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை: ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் தாளிப்பைச் சீசனிங் என்று எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. சீசனிங் என்றால் உப்பு காரம் பார்ப்பது. கடுகு வெடிக்கும் சத்தம் அதில் இல்லை.

---

சாரல் · திங்கள் இரவு 11:15

டீச்சர், கல்லுக்கு யூட்யூப் வேண்டாம். நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, ரெண்டு நாள் ராத்திரி பூரா சோறு வடிச்ச கஞ்சித்தண்ணியை ஊத்தி வைங்க. மூணாம் நாள் துடைச்சு, நல்லெண்ணெய் தடவி, சிம்ல வெச்சு, பாதி வெங்காயத்தைக் கரண்டியில குத்தித் தேய்ச்சுக்கிட்டே இருங்க. வெங்காயம் கறுக்கும், கல்லும் கறுக்கும். சப்பாத்தி மட்டும் அந்தக் கல்லுல போட்டுடாதீங்க, ஜென்மத்துக்கும் தோசை வராது.

---

கொழுந்துக்கூடை (கூடலூர்) · செவ்வாய் மதியம் 1:20

சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். எங்க தாத்தா பாட்டி 1964 ஒப்பந்தத்துக்குப் பெறகு சிலோன்ல இருந்து வந்தவங்க. நீங்கள்லாம் தேயிலையை இலைங்கிறீங்க, எங்க வீட்டுல இன்னும் கொழுந்துதான்.

எங்களுக்குச் சீசன்னா கொழுந்து துளுக்கிற நேரம். ஏப்ரல், மே மழைக்கு ஒரு தடவை, செப்டம்பருக்கு மேல ஒரு தடவை. நல்லா கவனிங்க, டாக்ஸி சீசனும் எங்க சீசனும் கிட்டத்தட்ட ஒரே மாசம். ஆனா அவங்க கை நிறையும், எங்க முதுகு நிறையும். கூடை நெறைய நெறைய விலை இறங்கும், ஃபேக்டரியில "இலை அதிகம்"னு சொல்லிடுவாங்க. ஜனவரியில பனி விழுந்து செடி கருகிக் கெடக்கும்போது வெலை கொஞ்சம் ஏறும், அப்ப பறிக்க கொழுந்து இருக்காது. பாட்டி சொல்லும், சிலோன்ல சீசன் நேரத்துல ஞாயித்துக்கிழமையும் மலைக்கு ஏறினா அன்னன்னிக்கே கைக்காசு கெடைக்கும்னு. அதுக்கு சீசன்னாலே கைக்காசுதான் ஞாபகம். சாகற வரைக்கும் "சீசன் வந்தா தோடு மீட்டுடலாம்"னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

---

தாண்டிக்குடிக்காரன் (கீழ்ப் பழனி மலை) · செவ்வாய் மாலை 4:33

எங்க காப்பிக்கு எல்லாமே ஒரு மழையில இருக்கு. மார்ச், ஏப்ரல்ல வர்ற பூமழை. அது விழுந்து எட்டு பத்து நாள்ல மலை முழுக்க வெள்ளையாப் பூத்து நிக்கும், மல்லிகை வாசம் மாதிரி. மூணு நாள்ல பழுப்பாயிடும். அந்த மூணு நாள்ல பாத்தவன்தான் பாத்தான். பழம் எடுக்கறது நவம்பருக்கு மேல, ஆனா எங்க அப்பா பூமழை அன்னிக்கே அந்த வருசக் கணக்கை முடிச்சிடுவார்.

கொடைக்கானல் போற பஸ்ஸெல்லாம் அந்தக் காலத்துல எங்க தோட்டத்தைத் தாண்டித்தான் போகும்னு சொல்ல ஆசை, ஆனா போகாது. நாங்க எந்தச் சீசனுக்கும் வழியில இல்ல.

---

அடிவாரம் (பழனி) · செவ்வாய் மாலை 5:05

மலைக்கு மேல மட்டும் பேசிட்டு இருக்கீங்க. எங்க கடைவீதியில சீசனை வெயில், மழை பாத்துச் சொல்றதில்ல, சாமி பாத்துச் சொல்றது. கார்த்திகை, மார்கழி ஐயப்ப சீசன், சபரிமலைக்குப் போயிட்டு இங்க வருவாங்க. தையில பூசம், பாதயாத்திரை. பங்குனியில உத்திரம், காவடி. பஞ்சாமிர்த டப்பா எவ்வளவு அடுக்கணும்னு பஞ்சாங்கத்தைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். வெயில் எவ்வளவு இருந்தாலும் உத்திரம் உத்திரம்தான்.

---

பழைய கிராம கணக்கு (கோத்தகிரி) · செவ்வாய் இரவு 7:50

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. நான். வேர்தேடி சாருக்கு ஒன்று விட்டுப்போயிற்று. கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தலைப்பிலேயே இருக்கும் பசலி. அதுவும் சீசன்தான். அரபியில் 'ஃபசல்' என்றால் பருவம், அறுவடை. அறுவடை முடிந்து வரி வசூலிக்க வசதியாக அக்பர் காலத்தில் போட்ட ஆண்டுக் கணக்கு, இன்னும் நம் கையில் இருக்கிறது. ஜூலை 1-இல் ஆரம்பித்து ஜூன் 30-இல் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434.

மகசூலும் அரபிதான். ஆக ஒரு நீலகிரி விவசாயி போகம் பார்த்து விதைத்து, மான்சூனுக்குக் காத்திருந்து, மகசூல் எடுத்து, பசலியில் பதிந்து, சீசன் டிராஃபிக்கில் லாரியை நிறுத்திவிட்டு நிற்கிறான். 38 வருஷம் பசலி என்று எழுதினேன். அது என்ன வார்த்தை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, ஓய்வு பெற்றபின் ஒரு பேரன் கேட்டுத்தான் தேடினேன். பையன்கள் கேட்கிற கேள்விக்கு முட்டை போடாதீர்கள், டீச்சர்.

---

சாக்பீஸ்தூள் · வியாழன் இரவு 8:25

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன்.

நேத்து போர்டுல பெரிய வட்டம் போட்டு, சித்திரையில இருந்து பங்குனி வரைக்கும் பன்னெண்டா பிரிச்சேன். உள் வட்டத்துல ஆறு பருவத்தையும் நானே எழுதினேன். வெளி வட்டத்துல, அந்த மாசம் உங்க வீட்டுல என்ன நடக்கும்னு நீங்க வந்து எழுதுங்கன்னு சாக்பீஸைக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் வகுப்பு என் கையிலயே இல்ல.

மார்கழிக்கு நேரா ஒருத்தி "ஹெத்தை ஹப்பா, புதுத் துணி"ன்னு எழுதினா, படுகர் பண்டிகை அது. தைக்கு ஒருத்தன் "பைப்புல தண்ணி உறையும், அம்மா வெந்நீர் ஊத்தும்". மாசிக்கு "இலை இல்ல, கடைக்காரர் கடன் தர மாட்டார்". வைகாசிக்கு ஆறேழு பேர் முட்டிக்கிட்டாங்க: "கூட்டம்", "பஸ்ல நிக்க இடம் கிடைக்காது", "தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா", "சித்தப்பா ஐஸ்கிரீம் கடை போடும்". ஆடி முதுவேனிலுக்கு நேரா ஒரு பொண்ணு குடை படம் வரைஞ்சிட்டுப் போயிட்டா. ஒண்ணும் எழுதல.

நம்ம ஆள் கடைசியா வந்தான். சித்திரை வைகாசியில "1", புரட்டாசி ஐப்பசியில "2" போட்டான். ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் ஒரு நீளக் கோடு இழுத்து, "அப்பா வீட்டில்"னு எழுதினான். ஆஃப் சீசன்னு எழுதல.

ரெண்டுக்கு ஒரு மார்க் போட்டேன். பாடத்துல இருக்கிறதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும் இல்லையா, பத்தாவதுல பொதுத்தேர்வுல வந்து நிக்கும். இடைவேளையில பேப்பரோட வந்து நின்னான். மீதி ஒரு மார்க் எங்கன்னான். ஆறு பருவம்னுதானே சொல்லிக்கொடுத்தேன்னேன். "கேள்வியில எந்த ஊருன்னு போடலையே மிஸ்"ங்கிறான்.

இன்னும் போடல அந்த ஒரு மார்க்கை. யோசிச்சிட்டு இருக்கேன்.

---

ஹேர்பின்14 · வியாழன் இரவு 10:10

போட்டுடுங்க டீச்சர். ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் நானும் வீட்டுலதான். வந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்.

---

கடைபோகம் · வெள்ளி அதிகாலை 3:50

போடாதீங்க. விதைக்கிறதை ஒருத்தனும் எழுதலையே அந்த வட்டத்துல? எங்க வீட்டுப் பிள்ளைங்க உங்க வகுப்புல இல்லையா?

---

சாக்பீஸ்தூள் · வெள்ளி காலை 6:15

இருக்காங்க அண்ணா, நாலு பேர். பங்குனிக்கு நேரா ஒருத்தன் "உருளை விதை வெட்டுவோம், ஸ்கூல் லீவு போடுவேன்"னு எழுதினதை நான்தான் இங்க எழுத விட்டுட்டேன். அன்னிக்கு லீவு போட்டதுக்குத் திட்டினதும் நான்தான்.

---

சாரல் · வெள்ளி காலை 9:00

டீச்சர், கல்லு என்ன ஆச்சு?

---

சாக்பீஸ்தூள் · வெள்ளி இரவு 8:40

முதல் ரெண்டும் பிய்ஞ்சு வந்துச்சு. மூணாவது முழுசா எடுத்தேன், ஓரத்துல மட்டும் கொஞ்சம் கறுப்பு. இன்னும் ஒரு வாரம் பழகட்டும்.